ஜூஜுவாடிக்கு இன்னும் ஐந்து ஆட்டம்

ஜெர்மனியில் பந்தை உதைத்தது யாராக இருந்தாலும், அறுபதுகளின் கடைசியில் அந்த ஆட்டத்தை நடத்தியவர் ஓசூரில் இருந்தார். எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘ஜெர்மன்’.

எங்கள் லேத்துகளுக்கு உதிரி பாகங்கள் ஜெர்மனியிலிருந்து மரப்பெட்டிகளில் வரும். அங்கே பெட்டி கட்டுகிற யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் தன் ஊர்ச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் சுற்றி அனுப்புவான். ஜெர்மன் அந்தக் காகிதங்களை நீவி, மைதாப் பசை தடவி, ஸ்டோர் சுவரில் ஒட்டுவார். எண்ணெயில் ஊறிய தாள்கள். காலை வெயில் பட்டால் சுவரே வியர்த்து நிற்பதுபோல் இருக்கும்.

அவருக்கு அந்த மொழி தெரியாது, எண்கள் தெரியும். அது வட்டார அளவில் ஆடும் சின்ன அணிகளின் புள்ளிப் பட்டியல். ஒவ்வொரு பெயரும் ஒரு முழம். வாயில் நுழையாததால் நம் ஊர்ப் பெயர்களைச் சூட்டிவிட்டார். முதலிடம் சேலம். நடுவில் சிங்காரப்பேட்டை. கடைசிக்கு முந்தையது தொரப்பள்ளி. கடைசி ஜூஜுவாடி.

ஜூஜுவாடிதான் அவர் அணி.

“ஏண்ணா, சேலத்துப் பக்கம் நின்னா நிம்மதியா இருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“அவனுக்குக் கை தட்ட ஆயிரம் பேர் இருப்பான். இவனுக்கு யாரு இருக்கறா? நான் இருக்கறன்.”

ஜெர்மனியில் பயிற்சி பெற்று வந்த எங்கள் மேனேஜர் ஒருநாள் சுவரைப் பார்த்துவிட்டு, கடைசி இடத்தில் முடிக்கிற அணியைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள் என்றார். அன்றிலிருந்து ஜெர்மன் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த காலம் அது. கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தன. ஆகவே அங்கே நடந்த ஆட்டம் ஓசூரில் மூன்று மாதம் கழித்துத்தான் நடக்கும். தொரப்பள்ளியிடம் ஜூஜுவாடி தோற்ற காகிதம் பிரிந்த அன்று, நிஜமாகவே தொரப்பள்ளியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த, லேத் ஓட்டும் டர்னர் முழு ஷிஃப்டும் சும்மா நின்றான். மேனேஜர் ஓடிவந்தார்.

“ஸ்டோர்ல டிரில் பிட் இல்லையா?”

“இருக்குது சார். தொரப்பள்ளிக்காரனுக்கு இல்ல.”

“அந்த மேட்ச் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுய்யா.”

“எனக்கு இன்னைக்குத்தான் சார் தோத்தாங்க.”

ஜூன் மாதம், ஒரு லேத்தைச் சரிபார்க்க அந்த நாட்டு இன்ஜினியர் ஒருவர் வந்தார். சுவரில் அப்போது மார்ச். ஜூஜுவாடிக்கு ஐந்து ஆட்டம் பாக்கி. சுவரைக் கண்டதும் அவர் குழந்தைபோல் சிரித்தார். கடைசிப் பெயரில் விரலை வைத்தார். வாயைத் திறந்தார். ஜெர்மன் எண்ணெய்க் கைகளால் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

“சார், அந்தாள வாய மூடச் சொல்லுங்க.”

“சீசன் முடிஞ்சுபோச்சு. ரிசல்ட் அவருக்குத் தெரியும்யா,” என்று மேனேஜர் கத்தினார்.

“அவங்க ஊர்ல முடிஞ்சிருக்கும். இங்க இன்னும் அஞ்சு மேட்ச் இருக்குது. ஆடாத மேட்ச்ல எப்படி சார் தோப்பாங்க?”

மேனேஜர் மொழிபெயர்த்தார். இன்ஜினியர் வாயை மூடிக்கொண்டார். இருந்த பத்து நாளும் ஸ்டோர் ஜன்னலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை; தொரப்பள்ளி டர்னர்கூட.

ஆகஸ்டில் பெட்டி வந்தது. ஷிஃப்டே சுற்றி நின்றது. ஜெர்மன் ஒவ்வொரு சக்கரமாக உரித்தார். ஐந்தில் மூன்று ஆட்டங்களை ஜூஜுவாடி வென்றிருந்தது. போதவில்லை. ஒரே ஒரு புள்ளி குறைந்தது.

“விடுண்ணா,” என்றான் டர்னர். “தொரப்பள்ளியே போய்த் தொலைஞ்சிருக்கலாம்.”

“சும்னிரப்பா,” என்று கன்னடத்தில் அவனை அடக்கிவிட்டு, ஜெர்மன் தாளின் அடியில் விரலை ஓட்டினார். பொடி எழுத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது.

“இதுக்குக் கீழயும் ஆடறாங்க பாரு. அடுத்த வருசம் இதுல மொத எடம் நம்மளுது. எவன்டா அங்க, மைதா கரைங்கடா.”

அந்த மாதம் பம்பாயில் எனக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது. அந்த ஊர் மழை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்காக ஓசூரிலேயே தங்கிவிட்டேன்.