கிடாய்க் காதும் மூன்று பயிற்சிப் பள்ளிகளும்

பந்தல்குடி,
14.6.1992, ஞாயிற்றுக்கிழமை.

நரிக்குடி திருவாளர் சண்முகவேல் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் தனுஷ்கோடி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் தங்கை ராமலட்சுமி, மகள் சுகப்பிரியா, பலசரக்குக் கடை யாவும் சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும் கண்மாய்த் தண்ணீரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு வரி எழுதவும்.

முதலில் கிடாய் விஷயம். ராமலட்சுமி பேங்க் லோனில் வாங்கி, மேய்ச்சலுக்காகத் தங்கள் பொறுப்பில் விட்டிருந்த கருப்புக் கிடாய் பாம்பு கடித்து இறந்துபோன செய்தி கிடைத்தது. இன்சூர் செய்த ஆடு செத்தால் அதன் காதை, அதில் குத்தின பிளாஸ்டிக் நம்பர் வில்லையோடு அறுத்துக் கொடுத்தால்தான் கம்பெனிக்காரன் நம்புவான் என்பதை அந்தத் துக்கத்திலும் மறக்காமல், காதை உப்பில் போட்டு, கண்டக்டர் வீரபாண்டி மூலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தங்கள் பொறுப்பை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் ஓரத்தில் ஒரு கறை இருந்தது. "அண்ணன் அழுதுக்கிட்டே எழுதியிருக்காக" என்று ராமலட்சுமி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணீர்க் கறை எண்ணெய்க் கறை போல இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இனி நான் எழுத வந்த விஷயம். சுகப்பிரியா பி.காம். முடித்துவிட்டாள். இன்சூரன்ஸ் சர்வேயர் ஆக வேண்டும் என்று நிற்கிறாள். நிலம் அளக்கிறவர் இல்லை மச்சான். மில்லில் தீப்பிடித்தால், லாரி கவிழ்ந்தால், நேரில் போய்ப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு, எப்படி ஏற்பட்டது, சொல்கிறவன் சொல்வது நிஜமா என்று எழுதிக் கொடுக்கிறவர். "பொம்பளப் பிள்ள வெந்த பஞ்சையும் கவுந்த லாரியவும் பாக்கப் போறதா" என்று தாங்கள் பங்குனிப் பொங்கலுக்கு வந்தபோது ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து தங்கள் தங்கை, "எங்கண்ணன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும், அதுக்குப் பெறகுதான் பிள்ளையச் சேக்குற பாரத்துல கையெழுத்துப் போடுவேன்" என்கிறாள். பிள்ளை மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறது. சாப்பிடுகிறது, கடையில் பில் போடுகிறது, சிரிக்கத்தான் மாட்டேன் என்கிறது. எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தாங்கள் கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று, நல்ல பயிற்சிப் பள்ளியாகப் பார்த்து முடிவு செய்யக் கிளம்பினேன். எனக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன தெரியும்? வத்தல் மூட்டையைப் பற்றித் தெரியும். மேலே இருப்பதைப் பார்த்து வாங்கினவன் உருப்பட்டதில்லை. கையை அடியில் விட்டு ஒன்றை எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். அதே மாதிரி பள்ளியையும் உடைத்துப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். பையில் கிடாயின் காது இருந்தது. வருகிற வழியில், கம்பெனிக்கு அனுப்பி வைக்கச் சொல்லிப் பேங்கில் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். நஷ்டத்தை மதிப்பிடச் சொல்லித் தருகிற இடம்தானே, நிஜ நஷ்டம் ஒன்றை எதிரில் வைத்து, இது எப்படிச் செத்தது என்று கேட்போம், பதிலைப் பார்த்துச் சேர்ப்போம் என்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலில் மதுரை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் பந்தல்குடியிலிருந்து காரியாபட்டி வரை என் பையையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கும்போது, "அண்ணாச்சி, கறி எந்தக் கடையில எடுத்தீக, வாசம் ஆளத் தூக்குது" என்றார். செத்த ஜீவனைப் பற்றி இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கொஞ்சம் பசித்தது. மதுரைப் பயிற்சிக் கழகம் மாடியில், கண்ணாடிக் கதவு, மின்விசிறி நாலு, டை கட்டின மேனேஜர். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டி, வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு அவரும் என் பக்கம் வரவில்லை. "சார், ஆடு எங்க சிலபஸ்ல இல்ல" என்றார் மேனேஜர். சரி, வேறு எந்த நஷ்டம் இருக்கிறது என்று கேட்டேன். முதல் ஆறு மாதம் நஷ்டமே கிடையாதாம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாம். காதைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் விருதுநகர். அங்கே டீக்கடையில் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு வாய் டீ குடித்தேன், பூனை ஒன்று பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு மண்டித் தெருவுக்குள் ஓடியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமலே ஏழெட்டுப் பேர் கூட ஓடி வந்தார்கள். கடைசியில் சுகப்பிரியாதான் எதிர்ப்பக்கமாக வந்து ஒரு சாக்குக்குப் பின்னால் பூனையை மடக்கினாள். பூனை நுனியில் ஒரு கடிதான் கடித்திருந்தது, வில்லை பத்திரம். பிள்ளை அதை உடனே பொட்டலத்தில் போடாமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பூனை கடித்த இடத்தைப் பார்க்கிறது என்று நினைத்தேன். விருதுநகர்ப் பள்ளி ஆசிரியர் நல்ல மனிதர். பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம் என்றார். "என்ன சொல்றாக, பாம்புக்கடியா, சரி" என்று மூன்று பிரதியில் முத்து முத்தான கையெழுத்தில், 'நேரில் கண்டு திருப்தி அடைந்தேன்' என்று எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். எனக்குக்கூட சபலம் தட்டியது. ஆனாலும், மூட்டையைப் பிரிக்காமல் விலை சொல்கிறவனிடம் நான் இருபத்தாறு வருஷமாகச் சரக்கு எடுத்ததில்லை மச்சான்.

நேற்றுச் சனிக்கிழமை அருப்புக்கோட்டை. நூல் கடைக்கு மேலே ஒரே அறை, ஐந்து நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. நடத்துகிறவர் தங்கலட்சுமி என்ற அம்மாள், நாற்பது நாற்பத்தைந்து வயது. இருபது வருஷம் ஒரு சர்வேயர் ஆபீஸில் அந்தச் சர்வேயருடைய ரிப்போர்ட்டையெல்லாம் எழுதிக் கொடுத்தவராம். காதை எடுத்தார், பார்த்தார், ஒரு தடவை மோந்தார். பதில் சொல்லவில்லை. என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"பாம்பு கடிச்சத யாரு பாத்தா?"

"எங்க மச்சான்."

"செத்ததப் பாத்தது?"

"அதுவும் மச்சான்தான்."

"புதைச்ச எடம் எது?"

"அதயும் மச்சானத்தான் கேக்கணும்."

"ஒங்க மச்சான் ரொம்ப வேலை பாத்திருக்காக" என்று சொல்லிவிட்டு, காதைப் பொதிந்து சுகப்பிரியா கையில் கொடுத்தார். "செவ்வாக்கெழமைக்குள்ள ரிப்போர்ட் எழுதிட்டு வா. அதுதான் ஒனக்குப் பரிச்சை. அப்பா சொன்னத எழுதாத, நீ பாத்தத எழுது." பதில் சொல்லாத பள்ளியாக இருக்கிறதே என்று முதலில் சப்பென்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மூன்று இடத்தில் இந்த ஒரு இடத்தில்தான் கேள்வி கேட்டார்கள். ஆகவே இந்தப் பள்ளியே என்று முடிவு செய்திருக்கிறேன். பேங்கில் காதைக் கொடுப்பது அதனால்தான் தாமதம், தாங்கள் பட்ட சிரமம் வீண் போகாது.

பாரம் கொடுக்க வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். தாங்கள் வியாழக்கிழமைக்குள் காலை பஸ்ஸில் வந்து, தங்கையிடம் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வர முடியாவிட்டால் கார்டில் எழுதினாலும் போதும். தாய்மாமன் வார்த்தைக்கு இந்த வீட்டில் எவ்வளவு மதிப்பு என்பது தாங்கள் அறியாததல்ல. கிடாய்த் துக்கம் ஆறாத நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். குழந்தைகளுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு என் கும்பிடு, கண்மாய்க் கரையில் இருக்கிற மற்ற ஆடுகளுக்குப் பாம்பு வராமல் குலசாமி காக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
தனுஷ்கோடி

பி.கு.: இன்று செவ்வாய்க்கிழமை. நேற்று கடையில் சரக்கு இறங்கியதால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அதற்குள் சுகப்பிரியா ரிப்போர்ட் எழுதி, பள்ளிக்குக் கொண்டு போகும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நானும் அளந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். காதில் ரோமம் வேர் வரைக்கும் கருகியிருக்கிறதாம். உள்மடிப்பில் மஞ்சள் அப்பியிருக்கிறதாம். வில்லையின் ஓரம் நெருப்பில் உருகிச் சுருண்டிருக்கிறதாம். நான் தங்களை விட்டுக் கொடுக்கவில்லை. கெடாமல் இருக்க உப்போடு மஞ்சளும் போட்டிருப்பார்கள் என்று வாதாடினேன். "சரிப்பா, பாம்பு கடிச்ச ஆட்டுத் தலைய எதுக்கு வைக்கோல் போட்டு வாட்டுனாக?" என்று கேட்டது பிள்ளை. கண்டக்டர் வீரபாண்டியையும் பஸ் ஸ்டாண்டில் விசாரித்திருக்கிறாள். அன்றைக்குத் தங்கள் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் திடீரென்று பத்துப் பேராக வந்து இறங்கியதையும், தான் காதை வாங்க வந்தபோது தனக்கும் ஒரு இலை போட்டதையும், தலைக்கறி பிரமாதமாக இருந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். அதுவும் சாட்சி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ராமலட்சுமி கடைசி வரி வரை கேட்டாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாரத்தைக் கேட்டு வாங்கி, எங்கே போட வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். "எங்கண்ணன் முடிச்சுப் போட்டத அவுத்தவ, எவன் முடிச்சையும் அவுப்பா, போகட்டும்" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பிள்ளை சிரித்தது. ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்ட வார்த்தை இனித் தேவைப்படாது, வியாழக்கிழமை பஸ் ஏற வேண்டாம். காதும் பேங்குக்குப் போகாது, ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பள்ளிக்குத்தான் போகிறது.

தங்கள் தங்கைக்குக் கிடாய் போனதில் வருத்தமில்லையாம். சம்பந்தி வந்தால் யாரும் கிடாயில் கை வைக்கத்தான் செய்வார்கள் என்கிறாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொன்னாள், அதை அவள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்: "அதே பஸ்ஸுதான, அதே கண்டக்டர்தான. காத மட்டும் குடுத்துவிட்ட அண்ணனுக்கு, ஒரு தூக்குவாளி கொழம்பு குடுத்துவிட மனசு வரலையா?"