டீம் லீடரின் சுழல் நாற்காலி

இனி யாருக்கும் கீழே வேலை பார்ப்பதில்லை என்று குழாய்க் கம்பெனி ஊழியர் முடிவு செய்தபோது, குப்பைக் கூடையோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவி கொட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தாள். கொட்டிவிட்டு வந்துதான் அறிவித்தார்.

“வேலையை விடப் போறேன்.”

“கூடையை எங்க விட்டீங்க?”

“விளையாடாதே! வீட்டுத் தரகுக் கம்பெனியில சேர்ந்துட்டேன். டீம் லீடர்!”

“தக்காளிக்கே பேரம் பேசத் தெரியாது. நீங்க வீடு விக்கப் போறீங்களா?”

“அங்கதான் சூட்சுமமே. நான் விக்கவே வேண்டாம். எனக்குக் கீழ ஆள் சேர்க்கணும். அவங்க வித்தா அந்தத் தரகுல எனக்கு ஒரு பங்கு. அவங்க சேர்த்த ஆள் வித்தா அதுலயும் ஒரு பங்கு. நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன், காசு தானா மேல வரும்.”

“அப்போ வீட்டை யாருதான் விக்கிறது?”

“கீழ இருக்கிறவன்.”

“அவனும் உங்களை மாதிரி உக்காந்துட்டா?”

“அவனுக்குக் கீழ இருக்கிறவன்.”

“எல்லாருக்கும் கீழ இருக்கிறவன்?”

“அவன் புதுசா ரெண்டு பேரைச் சேர்ப்பான். உனக்கு இதெல்லாம் புரியாது!”

மனைவிக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனால் சண்டை போடவில்லை.

“சரி. உங்க டீம்ல ஒரே ஒரு பேரம் முடியட்டும். விற்பனையோ வாடகையோ, எதுவானாலும் சரி. அன்னிக்கே வேலையை விடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். அதுவரைக்கும் விடக் கூடாது.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நான் எப்போ மாறியிருக்கேன்?”

அது உண்மைதான். அந்த வீட்டில் பேச்சு மாறுகிற துறையை இவர் ஒருவரே கவனித்து வந்தார்.

டீம் லீடருக்கு ஆபீஸ் வேண்டாமா? முன்னறை இருந்தது. தனி வாசல், தனிக் குளியலறை. உள்ளே ஓட்டைப் பெட்டிகளும் சக்கரமில்லாத சைக்கிளும் குடியிருந்தன. வீடு மனைவியின் பேரில். “அந்த ரூமை ஒழிச்சுக் குடுங்க, வாடகைக்கு விடலாம்” என்று கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டு வருகிறாள். அதற்கெல்லாம் அசையாத மனிதர், இப்போது ஒரே மூச்சில் அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, நடுவில் ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார்.

“குழாய்க் கம்பெனி மானேஜருக்குப் போன் போட்டு எனக்குக் காய்ச்சல்னு சொல்லு. புதுசா மாற்றலாகி வந்த ஆளு, நம்பிடுவார்.”

மனைவி சொன்னாள். ஒரு தடவை இல்லை, இவருக்குக் காய்ச்சல் தேவைப்பட்ட போதெல்லாம் சொன்னாள்.

“பாவங்க அந்த மனுஷன். எவ்வளவு அக்கறையா விசாரிக்கிறார்! லாட்ஜுல தங்கிக் கஷ்டப்படுறாராம்.”

“அவர் கதை நமக்கு எதுக்கு?” என்று நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார் இவர்.

முதலில் சேர்ந்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். அவர் தன் மச்சானைச் சேர்த்தார். மச்சான் பால்காரரைச் சேர்த்தார். பால்காரர் போகிற வீட்டிலெல்லாம் பாக்கெட்டோடு ஒரு விளக்க உரையும் வைத்துவிட்டு வந்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது தெரு முழுக்கத் தரகர்கள். சட்டைக்கு அளவெடுக்கும்போதே, “தோள் நல்ல அகலம் சார், உங்களுக்கு மூணு படுக்கையறை வேணும்” என்றார் தையல்காரர். “நானே உங்களுக்கு நாலு படுக்கையறை காட்டலாம்னு வந்தேன்” என்றார் அளவு கொடுத்தவர். வீடு விற்க ஆள் நெருக்கியடித்தது. வாங்கத்தான் ஒரு ஈ காக்கை இல்லை.

தெருவில் தரகராகாத ஒரே ஜீவன் மனைவி.

“நீயும் என் டீம்ல சேர்ந்துடேன்.”

“நானும் சேர்ந்துட்டா, அப்புறம் யாருக்குத்தான் விப்பீங்க?”

இவர் அசரவில்லை. பெரிய பேரம் என்றால் மெல்லத்தான் வரும் என்றார். வந்தே விட்டது. ஒரு நாள் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார்.

“லீடர் சார், பேரம் முடிஞ்சுது! வாடகைதான். ஆனா அட்வான்ஸே கைமாறிடுச்சு!”

எந்த வீடு, யாருக்கு என்று இவர் கேட்கவில்லை. அந்தச் சில்லறை விவரமெல்லாம் கீழே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வது. நேரே உட்கார்ந்து ராஜினாமா எழுதினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. இனிப்பு வாங்கப் பெரிய கடைக்கே போனார்.

திரும்பி வந்தபோது முன்னறை வாசலில் அறிமுகமில்லாத செருப்பு. உள்ளே ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். சுழல் நாற்காலி மெதுவாகத் திரும்பியது. அதில் மானேஜர்.

“வாங்க, வாங்க! காய்ச்சல் எப்படி இருக்கு?”

அந்த நிமிஷம்தான் இவருக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது. சமையலறைக்குள் பாய்ந்தார்.

“என்னடி இது?”

“பேரம். ரூமை நான் விட்டேன், தையல்கார அண்ணன் முடிச்சு வெச்சார். உங்க டீம்தானே?”

“அது என் ஆபீஸ்!”

“வெள்ளையடிச்சதைப் பார்த்ததும் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

“என் நாற்காலி?”

“அதைப் பார்த்துத்தான் வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தார். இந்தாங்க உங்க பங்கு, அண்ணன் குடுத்துட்டுப் போனார்.”

இரண்டு டீக்குக் காணும். பன்னுக்குக் காணாது.

“நான் சொன்ன சொல் மாறலைங்க” என்றாள் மனைவி. “ராஜினாமாவைக் குடுத்துடுங்க. பஸ் செலவுகூட இல்ல, கதவைத் தட்டினாப் போதும்.”

குடுத்துத்தான் விடுவோம் என்று வீறாப்பாகப் போனார். கதவைத் தட்டினார். கை சட்டைப் பை வரை போயிற்று.

“என்ன சார், ஏதோ கொண்டு வந்திருக்கீங்க போல?” என்றார் மானேஜர்.

“ஸ்வீட் சார்” என்று இன்னொரு கையை நீட்டினார் டீம் லீடர்.

மறுநாள் காலை, ஆபீஸ் நேரத்துக்கு வெகு முன்பே, வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது.

“சார், கிளம்புங்க! இனிமே தினமும் என் வண்டியிலயே போயிடலாம். காய்ச்சல் வந்தாலும் கவலையில்ல, நான் பக்கத்து ரூம்தானே, நானே வந்து பார்த்துக்கிறேன்!”

மனைவி சாப்பாட்டு டப்பாவை இவர் கையில் திணித்தாள்.

“சீக்கிரம் போங்க. உங்களுக்கு மேல இருக்கிறவர் காத்துட்டிருக்கார்.”