ஆறாம் மாசக் காய்ச்சல்

குழந்தை பார்க்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு. குழந்தையைப் பார்க்கவே மாட்டார்கள், குற்றவாளியைத் தேடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்திருப்பார். எங்கள் வீட்டில் அவர் என் சித்தப்பா.

பிள்ளை ஓயாமல் அழுதால், மாசமாக இருந்தபோது தாய் கோபக்காரியாக இருந்திருப்பாள், அழாவிட்டால் உம்மணாமூஞ்சியாக உட்கார்ந்திருப்பாள், வழுக்கையாகப் பிறந்தால் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விட்டிருப்பாள்; தகப்பன் என்று ஒருவன் இருப்பது மட்டும் இந்தத் துப்பறிவாளர் கண்ணில் படவே படாது.

அன்றும் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கிவிட்டது. கன்னம் சிவந்து, முழங்கை மடிப்பெல்லாம் தடித்து, நெளிந்து நெளிந்து அழுத பிள்ளைக்கு மருந்து தடவி, அண்ணி அப்போதுதான் தோளில் தூங்கவைத்திருந்தாள்.

"மாசமா இருக்கும்போது காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"ஆறாம் மாசத்துல வந்துச்சு மாமா."

"அதான பார்த்தேன்! வயித்துல இருக்கும்போது தாய்க்குத் தொத்து வந்தா பிள்ளைக்கு அலர்ஜிதான். போன்ல படிச்சேன். நீ ஜாக்கிரதையா இருந்திருக்கணும்."

தொடர்பு இருக்கலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், இதில் தாயின் தப்பு ஒன்றுமில்லை என்று குழந்தை மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் கிடக்கிறார்! பத்து வருஷம் படித்தவர் தயங்குகிற இடத்தில், பத்து நிமிஷம் படித்தவர் சப்பணமிட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்.

அண்ணி பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "அப்போ... எல்லாம் என்னாலதானா?" என்றாள். நான் சித்தப்பா பக்கம் திரும்பினேன்.

"சித்தப்பா, அந்த ஆறாம் மாசம் நீங்க இங்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான வந்தேன்."

"இருமிக்கிட்டே வந்தீங்க. வேண்டாம்னு சொல்லியும் கேக்காம அண்ணி படுத்திருந்த ரூமுக்குள்ள போய், கட்டில்லயே உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி, மாசமா இருக்கிறவ எப்படி ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் அவங்களுக்குக் காய்ச்சல்."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். அந்த முகத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகம் என்ற ஒன்று எட்டிப்பார்த்தது.

"இதெல்லாம் அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்னுதான் போட்டிருக்கான். டாக்டருங்களே இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க."

அண்ணி பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஆமா மாமா. எங்க டாக்டரும் அதத்தான் சொன்னாரு" என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்த தடவை ஒரு பிள்ளைக்காரியின் வாசலில் நிற்கும்போது, உங்கள் நாக்கு நுனியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "பிள்ளை தூங்குதா?" என்றிருந்தால் உள்ளே போங்கள். "நீ என்ன பண்ணினே?" என்றிருந்தால், செருப்பைக் கழற்றவே வேண்டாம்.