தனித்தனியாக நலம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் காது நீங்கலாக மற்ற உறுப்புகள் அனைத்தும் நல்ல நிலையில் இருக்கும் என்றும், வீட்டில் அக்காவும் சௌக்கியம் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். தனித்தனியாக நலம். அதாவது நான் இந்த ஊர் லாட்ஜில் மாடி அறையில் நலம். தங்கள் தங்கை இங்கிருந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊரில் நலம் என்று சற்று முன் போனில் சொன்னாள். தங்களிடம் இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் தங்களோடு போனில் பேசினால் பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் புரிந்துவிடுகிறது, தங்களுக்கு மட்டும் புரிவதில்லை என்பதால் எழுத வேண்டியதாயிற்று.

நாற்பத்திரண்டு நாள் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போவது என்று நாங்கள் கிளம்பிய அன்று, இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை என்று தாங்கள் வாசலில் நின்று கேட்டீர்கள். யோசனை என்னுடையது இல்லை, தங்கள் தங்கையுடையது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் டியூட்டி சார்ட் எழுதும் வேலை. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்தக் கிழமை வார லீவு என்று முந்நூறு பேருக்கு முப்பத்துநாலு வருஷம் எழுதினேன். அவள் ஷிப்ட் முடிந்து உள்ளே வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போவேன். பால் அடுப்பில் இருக்கு, பார்த்துக்கோ என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவள், “இனிமேலாவது நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கலாம், சைக்கிள்ல எங்கேயாவது போகலாம்” என்றாள். நல்ல யோசனை என்று நானும் ஒப்புக்கொண்டு, அன்றைக்கே உட்கார்ந்து டியூட்டி சார்ட் போட்டேன்.

தவறு அங்கேதான் நடந்தது. தவறு என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு விட்டால் மெஷின் நின்றுவிடும், ஆகவே ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்துத்தான் போடுவோம். முப்பத்துநாலு வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது: எனக்குப் புதன்கிழமை வார லீவு, தங்கள் தங்கைக்குச் சனிக்கிழமை. தங்கும் ஊர், போக வேண்டிய தூரம், கிளம்பும் நேரம் எல்லாம் குறித்து, கீழே இருவர் கையெழுத்துக்கும் கோடு போட்டு நீட்டினேன். அவளும் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். இருபத்தொன்பது வருஷம் டாக்டர்கள் நீட்டியதில் கையெழுத்துப் போட்டவள், பாவம்.

முதல் புதன்கிழமை காலையில் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறேன், அவள் தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நின்று, “என்ன, கிளம்பலியா?” என்று கேட்டாள். “இன்னிக்கு எனக்கு லீவு” என்றேன். “அப்ப எனக்கு?” என்றாள். “உனக்குச் சனிக்கிழமை. சார்ட்ல இருக்கு பாரு” என்றேன். அவள் சார்ட்டை வாங்கி மேலிருந்து கீழ் வரை முதல் தடவையாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு “சரி” என்றாள். அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். ஐந்து நிமிஷத்தில் கீழே அவள் சைக்கிள் மணி கேட்டது. ஒரே ஒரு தடவைதான் அடித்தாள்.

ஓய்வு நாள் என்பது எப்படிக் கழியும் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும், தாங்கள் சிறு வயதிலிருந்தே ஓய்வில் இருப்பவர். எனக்கு அன்று காலை பத்து மணிக்குள் எல்லா வேலையும் தீர்ந்துபோயிற்று. சாக்ஸ் துவைத்தேன், காய்ந்ததா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் கீழே போய், லாட்ஜ்காரரிடம் உங்கள் ஆட்களுக்கு லீவு எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் வாயில் வந்ததைச் சொல்ல, நான் ஒரு தாளில் அழகாகக் கட்டம் போட்டு எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். சமையல்கார அம்மா பார்த்தார், இன்றைக்குத் தனக்கு லீவு என்று அறிந்து வீட்டுக்குப் போய்விட்டார். பெருக்குகிற அம்மாவும் தனக்கு லீவுதான் என்று கூடவே போய்விட்டார். மத்தியானம் பதினோரு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். லாட்ஜ்காரர் மெத்தை தட்டும் குச்சியோடு மாடிக்கு வந்ததும் நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதும் தங்களுக்குத் தேவையில்லாத விவரம்.

மறுநாளிலிருந்து நான் அவளுக்கு ஒரு நாள் பின்தங்கிப் போனேன். அவள் நேற்று தங்கிய லாட்ஜில் இன்று நான். ஆனால் சனிக்கிழமை அவளுக்கு லீவு, அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள், அன்று சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் சேர்ந்து போவோம். புதன் மறுபடி பிரிவோம். வாரத்தில் பாதி சேர்ந்திருக்கிறோமே, இதற்கு முன் இவ்வளவு இருந்ததில்லையே என்று நான் அதைப் பெருமையாகக் கூட நினைத்தேன். சங்கடம் எங்கே என்றால், காற்றடிக்கும் பம்பு என் பையில், பஞ்சர் ஒட்டும் ரப்பரும் பசையும் அவள் பையில். வியாழக்கிழமை எனக்குப் பஞ்சர் ஆனால் ஒட்ட வழியில்லை, அவளுக்குப் பஞ்சர் ஆனால் ஒட்டலாம், காற்றடிக்க வழியில்லை. ஒரு வியாழக்கிழமை ஒன்பது கிலோமீட்டர் மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்காரர் கையில் பெரிய கட்டு. வெந்நீர் கொட்டிக்கொண்டாராம், நேற்று இந்தப் பக்கம் போன ஒரு நர்ஸம்மா நின்று கட்டுப் போட்டுவிட்டுப் போனாராம். நான் அவள் புருஷன் என்றேன். “ஓ, நீங்கதான் அந்த லீவுக்காரரா?” என்று கேட்டார் அந்த மனுஷன். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு அந்தப் பேர்தான், மச்சான். முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லாட்ஜிலும் அவளைப் பற்றி ஏதாவது சொல்கிறார்கள். ஒரு இடத்தில் நல்லாப் பாடினாங்க என்றார்கள். பாடுவாளா? தங்களுக்குத் தெரியுமா? ஒரு இடத்தில் சீட்டு விளையாட்டில் எல்லோரையும் தோற்கடித்தாளாம். ஒரு இடத்தில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண், “காலையில பத்து மணி வரைக்கும் வாசல்ல நின்னு வந்த ரோட்டையே பார்த்துட்டிருந்தாங்க சார், அப்புறம்தான் கிளம்பினாங்க” என்று சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டிக்கொண்டவளைப் பற்றி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைமை எனக்கு நன்றாகவே இல்லை.

இனிமேல்தான் விஷயம். மூன்றாம் வாரம் சனிக்கிழமை, இன்று பார்த்துவிடலாம் என்று எதிர்காற்றில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். அவள் இல்லை. ஒரு சீட்டு இருந்தது. ‘என் வார லீவைச் சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். இனி உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு.’ படித்ததும் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்தச் சந்தோஷம் ஒரு ரொட்டித் துண்டு தின்று முடிக்கும் வரை இருந்தது. பிறகு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவள் எனக்கு ஒரு நாள் முன்னால் இருக்கிறாள். அவள் ஓடும் நாளில் நானும் ஓடுகிறேன். நான் நிற்கும் நாளில் அவளும் நிற்கிறாள். அப்படியென்றால் நான் அவளை எப்போது பிடிப்பது? பிடிக்கவே முடியாது, மச்சான். அவள் நாற்பத்தொன்றாம் நாள் கடைசி ஊருக்குப் போய் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவாள், நான் நாற்பத்திரண்டாம் நாள் போவேன். இதில் இன்னொரு அநியாயம், லீவை மாற்றியதில் அவள் தொடர்ந்து பத்து நாள் ஓய்வில்லாமல் மிதித்திருக்கிறாள். எங்கள் தொழிற்சாலையில் இது நடந்திருந்தால் நான் மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். இங்கே மேலிடம் தாங்கள்தான்.

போன புதன்கிழமை இருவருக்கும் லீவு, இரண்டு ஊரில். போன் செய்தேன். “லீவு எப்படிப் போகுது?” என்றாள். “நல்லாப் போகுது. உனக்கு?” என்றேன். “ரொம்ப நல்லாப் போகுது” என்றாள். “நீ ஒரு நாள் கூடுதலா நின்னா என்ன?” என்று கேட்டேன். “சார்ட்ல இல்லையே. கையெழுத்து வேற போட்டிருக்கேன்” என்றாள். பிறகு, “நீங்க ஒரு புதன்கிழமை லீவு எடுக்காம வந்தா என்ன?” என்று கேட்டாள். “அது எப்படி முடியும், லீவுன்னா லீவுதானே” என்று சொல்லித் தொலைத்தேன். அவள் “சரி” என்றாள். முதல் புதன்கிழமை சொன்ன அதே சரி. அது சம்மதம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், என் கணக்குப்படி முப்பத்தெட்டாம் நாள் அவள் தங்கும் லாட்ஜின் விலாசத்தை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அங்கே அவள் பேருக்குத் தாங்கள் ஒரு கடிதம் போட்டு, ஒரு நாள் அங்கேயே நில் என்று அண்ணன் என்ற முறையில் உத்தரவு போட வேண்டும். தங்கள் சொல்லை அவள் தட்டியதே இல்லை என்று தாங்கள்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அதைச் சரிபார்க்கவும் இது ஒரு வாய்ப்பு. நான் கேட்டேன் என்று எழுத வேண்டாம், தங்களுக்கே தோன்றியதாக எழுதவும். இன்றோடு அவளைப் பார்த்துப் பதின்மூன்று நாள் ஆகிறது. முப்பது வருஷம் பால் அடுப்பில் இருக்கு என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியவனுக்குப் பதின்மூன்று நாள் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு அவ கூட இருக்கணும் மச்சான், அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. தங்களிடம் சொல்ல வருகிறது, தங்களுக்குத்தான் காது கேட்காதே.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், தங்கள் காதுக்கு என் அனுதாபமும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
(பயணத்தின் முப்பத்தொன்றாம் நாள், செவ்வாய், சாயங்காலம்)

பின்குறிப்பு: மேலே கண்ட கோரிக்கை ரத்து செய்யப்படுகிறது. தாங்கள் யாருக்கும் எந்த உத்தரவும் போட வேண்டாம்.

இன்று புதன்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கீழே இறங்கினேன். மேஜையில் இருந்த அம்மா, “இன்னிக்கு உங்களுக்கு லீவாமே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இல்லை என்று வந்துவிட்டது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கள் தங்கை லாட்ஜ் வாசலில் ஒரு பழைய துணியால் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, “இன்னிக்கு உங்களுக்கு லீவாச்சே?” என்றாள். “ஆமா” என்றேன். “பின்ன?” என்றாள். “உன்னைப் பார்க்காம இருக்க முடியல” என்றேன். சொல்லிவிட்டேன், மச்சான். அவள் கையெல்லாம் எண்ணெய், கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். அப்புறம் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். லீவை வேண்டுமென்றேதான் மாற்றினாளாம், நான் எந்தப் புதன்கிழமை சார்ட்டை மீறுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அண்ணனுக்கு அனுப்பிடுங்க, அவருக்கும் பொழுது போகணும் என்றாள். அதனால் அனுப்புகிறேன்.

நாளை வியாழக்கிழமை, சார்ட்டின்படி இருவரும் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். சற்று முன் அவள், “நாளைக்கு எனக்கு உடம்பு சரியில்லை” என்றாள். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். “தலைவலி. காலையில எட்டு மணிக்கு வரும். உங்களுக்கும் தொத்திக்கும்” என்றாள். தலைவலி தொற்றாது என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? முப்பத்துநாலு வருஷத்தில், நாளைக்கு வரப்போகிற தலைவலிக்கு இன்றைக்கே லீவு கேட்ட ஒருவருக்கும் நான் கொடுத்ததில்லை.

இருவருக்கும் கொடுத்துவிட்டேன்.