ஸ்வெட்டர் விசாரிக்கப் போன சந்திரமௌலி

"பாய், இதை அணைங்கோ! சீக்கிரம்!" என்று சந்திரமௌலி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அவர் தேடியது ஒரே ஒரு விஷயம்தான். மகள் ஸ்ரீரஞ்சனிக்கு ஜூலையில் பிரசவம். அவள் குடியிருக்கும் அமெரிக்க ஊரான லாஸ் அலமோஸில் அப்போது குளிருமா, ஸ்வெட்டர் வேண்டுமா? மந்தைவெளி பிரௌசிங் சென்டரில் ஊர்ப் பெயரைத் தட்டினால் திரை முழுக்க அணுகுண்டு. குண்டு பிறந்த ஊரே அதுதானாம்!

பொக்ரானில் நம் நாடு அணுகுண்டு வெடித்துச் சோதித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டுக்கு இன்னும் போலீஸ் விசாரணை பாக்கி. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில்கூடப் போயறியாத அந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் வெலவெலத்துப் போனார்.

"இதையெல்லாம் யாராவது பாத்துண்டிருப்பாளா?"

கடைக்காரர் மெஹபூப் அலி சிரித்தார். "போன் லைனே கவர்மென்ட்டு லைன் சார். பார்க்கணும்னு நினைச்சா பார்ப்பாங்க. இந்தாங்க, அந்த ஊரைப் பத்தி நீங்க கேட்ட பிரின்ட்டு."

யாருடையது என்று குழம்பாமலிருக்க, கடை ரிஜிஸ்தரைப் பார்த்து, பிரின்ட்டின் தலையில் வந்தவரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் பென்சிலால் எழுதிவிடுவது பாயின் வழக்கம்.

"ஐயோ, வேண்டாம்! கிழிச்சுப் போடுங்கோ!"

"சரி சார்" என்று பாய் அதை மேசைக்கடியில் இருந்த பழைய பேப்பர் கட்டில் தள்ளினார்.

மறுநாள் மே மாத வெயிலில் மங்கி குல்லா மாட்டிக்கொண்டு வந்தார் சந்திரமௌலி. பாய் அவருக்கு ஒரு புதுத் தேடல் பக்கத்தைக் காட்டினார்.

"இது தேடுறவங்க பேரைக் குறிச்சு வைக்காதாம் சார். சத்தியம் பண்ணிக்கிறான்."

"யார் பண்ணியிருக்கா?"

"அதான் தெரியல. அவன் பேரையே போடல."

சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் தட்டினார்: 'நேற்று அணுகுண்டைத் தேடியதை அரசாங்கத்திடமிருந்து மறைப்பது எப்படி?'

தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. "பாய், இதுவும் அந்த லைன்லதான் போறதா?"

"வேற எதுல போவும்?"

நேற்று வெறும் அணுகுண்டு. இன்று வாக்குமூலமும் சேர்ந்துகொண்டது. கடை ரிஜிஸ்தரில் 'சாய்நாத்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

சைக்கிளில் சாய்ந்தபடி ஒரு பெரிய மீசை. கையில் ஃபைல்.

"சார், இங்க சந்திரமௌலின்னு ஒருத்தரு..."

"நான் சாய்நாத்!" என்று சொல்லிவிட்டு, அறுபது வயதில் ஓடக்கூடாத வேகத்தில் ஓடினார். வாசல் பெயர்ப் பலகையைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தார். மாடி வீடு, எதிர் வீடு, பால்காரர் எல்லாரிடமும் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

"சந்திரமௌலின்னு இந்த ஆத்துல யாருமே இல்லைன்னு சொல்லிடு" என்றார் மனைவி அபயாம்பாளிடம்.

"முப்பது வருஷமா நான் கூப்பிட்டா அப்படித்தானே இருக்கேள்!"

மூன்று நாள் மீசை வந்தது. மூன்று நாளும் "இல்லை" என்றே பதில். நான்காம் நாள் காலை ஸ்ரீரஞ்சனியின் போன். "அப்பா, பாஸ்போர்ட் வந்துடுத்தா? நீங்க ரெண்டு பேரும் இல்லாம எனக்குப் பயமா இருக்குப்பா."

சந்திரமௌலிக்கு ஸ்வெட்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், குழந்தையைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

ரிசீவரை வைப்பதற்குள் வாசல் மணி அடித்தது. மீசைதான். கையில் எண்ணெய் ஊறிய ஒரு காகிதம். அதில் அணுகுண்டு வெடித்துப் புகை எழும் படம், தலையில் பென்சிலில் அவர் பெயர், விலாசம்.

எல்லாம் முடிந்தது. சந்திரமௌலி இரண்டு கைகளையும் நீட்டினார். "அழைச்சுண்டு போங்கோ. சத்தியமா குளிருமான்னு பாக்கத்தான் தேடினேன்."

"இன்னா சார் பேசறீங்க? நான் கான்ஸ்டபிள் துரைராஜ். பாஸ்போர்ட் என்கொயரிக்கு வந்துகீறேன்."

"அப்போ... இன்டர்நெட்டுல பாத்து வரலையா? அந்தப் படம்?"

"இன்டர்நெட்டா? அது இன்னாவோ காளான் படம் போட்டு கீது, நமக்கு எதுக்கு சார்? ரத்னா கடையில பஜ்ஜி மடிச்சுக் குடுத்த பேப்பரு இது. இதுல மட்டும் உங்க பேரும் அட்ரஸும் இல்லன்னா, 'இப்டி ஒரு ஆளே இல்ல'ன்னு எழுதி இன்னிக்கு உங்க ஃபைலை மூடியிருப்பேன்!"