கல்யாணப் பந்தலுக்காக நகர்ந்த முனியாண்டி

கிள்ளான்,
சனிக்கிழமை

அன்பு மச்சான் நாகையாவுக்கு,

உன் அக்காள் புருஷன் அய்யாவு சொல்லச் சொல்ல, மூன்றாம் வீட்டு சீதாலெட்சுமி டீச்சர் எழுதும் கடிதம். நான் நலம். உன் அக்காள் நல்லம்மாள் முட்டியைத் தவிர மற்ற இடங்களில் நலம். பந்திங்கில் நீயும் பிள்ளைகளும் சுகம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிடுவாய், பாசார் வரைக்கும் கேட்கும். இது அப்படிக் கேட்கிற விஷயம் இல்லை.

வீட்டை விற்கிறோம் என்பது உனக்குத் தெரியும். உன் அக்காளால் மாடி ஏற முடியவில்லை, இரண்டு வருஷமாக ஹாலில் படுக்கிறாள். சுங்கை பூலோவில் மகள் தாமரை வீட்டுக்குப் பக்கத்திலேயே படி இல்லாத வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். இதை விற்றால்தான் அது. வாங்க வந்திருப்பவர் ஹைதர், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், ஆனால் எதையும் அளந்து பார்க்கிற மனிதர். கெரான் பத்திரத்தில் எழுதியிருக்கிற நிலமும் மண்ணில் இருக்கிற நிலமும் ஒன்றுதானா என்று பார்க்க, போன புதன்கிழமை மலர் என்ற சர்வேயர் பெண்ணை அனுப்பினார். அந்தப் பெண் வந்ததும் வராததுமாக, "அங்கிள், பவுண்டரி கல்லு எங்க?" என்று கேட்டது. அப்படி ஒன்றும் இங்கே கிடையாது, நமக்கும் பக்கத்து வீட்டு வாசுவுக்கும் நடுவில் முனியாண்டி சாமிதான் இருக்கிறார், சுற்றி வர வழி வேண்டும் என்று இரண்டு வீடும் வேலியே போடவில்லை என்று சொன்னேன். அது சாமியைச் சுற்றி ஒரு தடவை நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தது, குறை சொல்லக்கூடாது. பிறகு உட்கார்ந்து, ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்து, குங்குமத்தைத் துடைத்து, அதற்கடியில் இருந்த விபூதியைச் சுரண்டி, "நம்பர் இருக்கு பாருங்க அங்கிள், இதான் லா பவுண்டரி கல்லு" என்றது.

நல்லம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரைப் பார்த்தாள். அப்புறம், "சாமிக்கு எதுக்கு நம்பர்?" என்று கேட்டாள்.

"கவர்மெண்ட் நட்டது ஆன்டி."

நாற்பத்தைந்து வருஷமாக நாம் சுருட்டும் சாராயமும் வைத்தது நில அளவை இலாகாவுக்கு என்பதில்கூட எனக்கு வருத்தமில்லை. கேட்டதைக் கொடுத்திருக்கிறது. பின்னாலேயே வந்து சேர்ந்த ஹைதர் மரியாதையாக, "சாமிய நீங்க கூடவே கூட்டிட்டுப் போயிடுவீங்கதானே அண்ணே?" என்றார். அதற்கு மலர், அந்தக் கல்லை யாரும் அசைக்கக்கூடாது, அசைத்தால் குற்றம், ஆனால் இதை யாரோ ஏற்கெனவே அசைத்திருக்கிறார்கள், பிளானோடு சேரவில்லை, எந்தப் பக்கம் எவ்வளவு என்று திங்கட்கிழமை மெஷின் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றது.

யாரோ இல்லை மச்சான். நீயும் நானும்தான். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆவணி, தாமரை கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை, பந்தல்கால் ஊன்ற இடமில்லை. நீ நீலக்கோடு போட்ட கைலி கட்டியிருந்தாய். எலுமிச்சம்பழம் வெட்டி, சேவல் அறுத்து, கடப்பாரை போட்டு நெம்பி, வாசு வீட்டுப் பக்கம் மூன்றடி தள்ளி வைத்தோம். கல்யாணம் முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்றாய். சாமியைச் சும்மா சும்மா தூக்கக்கூடாது என்று மாரியாயிக் கிழவி சொன்னாள். விட்டுவிட்டோம். ஆக முப்பது வருஷத்துக்கு மேலாக வாசுவின் மூன்றடி மண் நம் பக்கம் இருக்கிறது. தகராறு உள்ள நிலத்தை ஹைதர் வாங்க மாட்டார். அவர் வாங்காவிட்டால் உன் அக்காளுக்கு ஹால்தான்.

வியாழக்கிழமை விடிகாலையில் கடப்பாரையோடு போனேன். இந்த வயதில் நான் நெம்பினால் கல் நகருமா, நான்தான் நகர்ந்தேன். அதற்குள் வாசு வெளியே வந்துவிட்டான்.

"என்ன மாமா, காலையிலேயே சாமிக்குக் கால் புடிச்சு விடுறீங்களா?"

"நாளைக்குப் பூசை. சுத்தம் பண்றேன்."

"நானும் ஒரு கை புடிக்கவா?"

வேண்டாம் என்றேன். ஆனால் பூசை என்று வாயால் சொல்லியாகிவிட்டதே. வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள், இரண்டு ஆட்டின் கறி, வாழையிலை. வந்தவர்கள் எல்லாரும் விஷயம் தெரிந்து, நம்பர் எழுதியிருக்கிற பக்கமாகவே நின்று கும்பிட்டார்கள். சிலர் லாட்டரி வாங்க அந்த நம்பரைக் குறித்துக்கொண்டும் போனார்கள்.

இப்போது விற்பனைப் பத்திரம் எழுதும் லாயர், இந்த வீட்டை ஆரம்பத்திலிருந்து அறிந்த ஒருவர் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து, கல்லைப் பற்றித் தெரிந்ததைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார். அது நீதான். நீ வந்து, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுப் போ. பொய் இல்லை. உன் பிள்ளைகளின் பிறந்தநாளே உனக்கு ஞாபகமில்லை. வாழ்நாளில் ஒரு தடவை அது நமக்கு உதவட்டும். டீச்சர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு டம்ளர் தேத்தண்ணி கொடுத்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு. சின்னவர்கள் நீண்ட ஆயுளும், நல்ல முட்டியும், படி இல்லாத வீடும் பெற்று வாழட்டும்.

இப்படிக்கு,
அய்யாவு (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லாததால் இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மலர் மெஷின் வைத்துப் பார்த்தது. கல் வாசுவின் நிலத்தில் இல்லை. நம் நிலத்துக்குள் இரண்டடி வந்திருக்கிறது. எல்லாரும் வாசுவைப் பார்த்தோம். அவன் தன் கால்விரலைப் பார்த்தான். கடைசியில் ஒப்புக்கொண்டான். அவன் அக்காள் கல்யாணப் பந்தலுக்கு இடம் போதாமல், நானும் நல்லம்மாளும் பினாங்கு தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போயிருந்த வாரத்தில், அவன் அப்பா சாமியை நம் பக்கம் ஐந்தடி தள்ளி வைத்திருக்கிறார். அதற்கும் சேவல் அறுத்தார்களாம். அந்தக் கல்யாணத்தில் நான் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தது ஞாபகமிருக்கிறது, சாமி நகர்ந்திருந்தது தெரியவில்லை. நாம் தள்ளிய மூன்றடி போக, அவன் மோட்டார் சைக்கிள் கொட்டகை இரண்டடி நம் மண்ணில் நிற்கிறது. நிலம் கெரானில் உள்ளபடி முழுசாக வருமென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று ஹைதர் சொல்லிவிட்டார். வாசுதான் இப்போது யாரோ ஒரு மாமனைக் கூட்டிவந்து, ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லவைக்கப் போகிறானாம். அதனால் மேலே சொன்னதை விட்டுவிடு. நீ வெள்ளிக்கிழமை வந்து, அந்த ஐந்தடியை மட்டும் நன்றாக ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும். என்னென்ன ஞாபகம் என்பதை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது சொல்லித் தருகிறேன்.