படகறைக்குக் குளிர் கேட்ட மனு

டொக்.

கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி டொக். தொடர்ந்து "அம்மா!" என்று ஓர் ஆண் குரல். அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல் ஒரு பெண் குரல்: "காலையிலேருந்து ஒம்பது."

மரியாதைக்குரிய வாசகர்கள் கலவரப்பட வேண்டாம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. படகுகளுக்குப் பாய் தைக்கும் தையல்காரனின் சொந்தத் தலை, அவனுடைய சொந்தப் படகின் கூரையில் இடித்த சத்தம் அது. அந்தப் பாய்மரப் படகின் உள்ளறையில் நாலரை அடிக்கு மேல் வளர்ந்தவர்கள் நிமிர முடியாது. அவன் ஐந்தே முக்கால். மற்ற மாதங்களில் குனிந்தே நடமாடப் பழகியிருந்தான். கோடையில் முதுகு வழியாக வியர்வை இறங்கும்போதுதான் மனிதனுக்குத் திடீரென்று நிமிர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

அறை என்று சொன்னால் அறைகள் கோபித்துக்கொள்ளும். எதிரெதிராக இரண்டு பலகைகள். பகலில் இருக்கை, இரவில் கட்டில். காலடியில் ஒற்றை அடுப்பு. வெளிச்சத்துக்கு, சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். தலைக்கு மேல் ஏறி இறங்க ஒரு சதுரத் துவாரம், அதற்கொரு மூடி. மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்காமலே அங்கே முட்டை வேகும் என்பது தையல்காரனின் கருத்து. அவன் மனைவி அதைச் செய்தே பார்த்திருந்தாள். அரைவேக்காடு.

அவளுக்கு ஏழாவது மாதம். "உடம்பக் குளிர்ச்சியா வச்சுக்கணும்" என்று டாக்டர் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார், மருந்துக்கடையில் குளிர்ச்சி பட்டை பட்டையாகக் கிடைக்கும் என்பதுபோல. இந்தச் செய்தி ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருந்த அவளுடைய அக்காவின் காதுக்குப் போனது.

"ரெண்டு வாரம் தர்றேன்" என்றாள் அக்கா, போனில். "அதுக்குள்ள அந்த டப்பாவக் குளிர வைக்கலேன்னா நானே நேர்ல வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். புள்ள பொறந்து, அதுக்குப் பல்லு மொளைச்சப்புறம்தான் திருப்பி அனுப்புவேன். சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா வீட்ல ரெண்டு ஏசி இருக்கே" என்றான் அவன், நியாயமாகப் பேச வேண்டுமே என்று.

"இருக்கு. அக்காவும் இருக்கா" என்றாள் அவள். "நான் தும்முனா ஏன் தும்முனேன்னு கேப்பா. தும்மலேன்னா ஏன் தும்மலேன்னு கேப்பா. எனக்கு உங்க பக்கத்துல இருந்து பெத்துக்கணும்ங்க. அவ்வளவுதான்."

அன்று மாலையே திட்டம் தொடங்கியது.

படகுத்துறையின் அன்றைய நாகரிகத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பெரிய படகுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் சௌக்கியமா என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். "உங்களது எத்தனை?" என்பதுதான் கேள்வி. "பதினெட்டு டிகிரி" என்று ஒருவர் சொல்வார். "நமக்குப் பதினாறு" என்று மற்றவர் மூக்கை உறிஞ்சுவார். மூக்கு எவ்வளவு ஒழுகுகிறதோ அவ்வளவு கௌரவம். கரையிலிருந்து கயிறு கயிறாக மின்சாரம் இழுத்திருந்ததால் ஒரு படகும் இடத்தைவிட்டு அசைவதில்லை. அசைந்தால் ஏசி நின்றுவிடுமே. அசையாத படகில் பாயை ஏற்றுவதில்லை. ஏற்றாத பாய் கிழிவதில்லை. கிழியாத பாயைத் தையல்காரனிடம் கொண்டுவருவாரில்லை. ஆக, ஊர் முழுக்கக் குளிர்ந்ததால்தான் அவனுக்கு ஒரு ஏசி வாங்க வழியில்லாமல் போயிற்று. இப்போது பழைய பாய்களை வெட்டி, ஏசிக்கு வெயில் படாமல் உறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆகவே மலிவான வழிகளை யோசித்தான். நான்கு கிடைத்தன. ஆனால் படகுத்துறை விதிப்படி படகறையின் வெப்பநிலையை மாற்ற முன்அனுமதி பெற வேண்டும். போன கோடையில் கூரைமேல் ஈரச்சாக்கு போட்டதற்கே 'தன்னிச்சையாகக் குளிர்ந்தமை' என்று அறிவிப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எனவே முறைப்படி துறை அலுவலகத்துக்குப் போனான்.

கதவைத் திறந்தவுடன் பல் கிட்டித்தது. கடற்காற்றின் ஈரத்தில் கோப்புகள் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, அலுவலகம் முழுவதையும் பதினைந்து டிகிரியில் வைக்கும்படி மேலிடத்து உத்தரவு. கோப்புகள் பூரண ஆரோக்கியத்துடன் இருந்தன. சளி, குமாஸ்தாவுக்குத்தான். அவர் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி, விரல் நுனி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். துறையில் அவருக்குக் 'கம்பளி' என்று பெயர்.

"சொல்லுங்க" என்றார் கம்பளி, மூக்கால்.

"பழைய ஜன்னல் ஏசி ஒண்ணு சும்மா கெடைக்குதுங்க. மேல்மூடியத் தூக்கிட்டு அந்த ஓட்டையில ஒக்கார வச்சுடலாம்னு..."

"ஜன்னல் ஏசியை ஜன்னல்லதான் வைக்கணும். ஜன்னல் இருந்தா சுவர் இருக்கணும். சுவர் இருந்தா அது வீடு. வீடு தண்ணியில நின்னா அது நீர்நிலை ஆக்கிரமிப்பு."

"படகு தண்ணியிலதானே சார் நிக்கும்?"

"படகா இருக்கிற வரைக்கும் நிக்கலாம்."

தையல்காரன் இரண்டாவது வழியை எடுத்தான். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் சின்ன ஃபேன், இன்னொன்றில் குளிர்காற்று.

"ஐஸ்பெட்டி ஏத்துனா மீன்பிடிப் படகுங்க அது."

"மீனே இல்லீங்களே."

"அப்ப மீன் சிக்காத மீன்பிடிப் படகு. அதுக்கு நிவாரணம் உண்டு. எழுதிக்கட்டுமா?"

"வேணாம் சார். எனக்குக் காத்துதான் வேணும்."

"நல்லா யோசிச்சுக்குங்க. குடுக்கும்போது வாங்கிக்கணும்."

மூன்றாவது: உடைந்த காரின் ரேடியேட்டர். கடலின் ஆழத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஒரு குட்டி மோட்டாரால் அதை ஏற்றி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, பின்னாலிருந்து ஃபேன் போட்டால் அறை குளிரும்.

"கார் ரேடியேட்டரா? வண்டி நம்பர் என்ன?"

"வண்டி இல்லீங்க. அது மட்டும்தான்."

"சரி, அத விடுங்க. கடல் தண்ணிய எடுக்கறீங்க. திருப்பிக் குடுப்பீங்களா?"

"எடுத்த எடத்துலயே விட்டுடுவோம் சார்."

"அதே தண்ணிதான்னு என்ன அத்தாட்சி?"

தையல்காரன் மூன்றாவது விரலையும் மடக்கினான். இதற்கு அவனிடம் அத்தாட்சி இல்லைதான்.

நான்காவது வழி அவனுடைய சொந்தத் தொழில். பாய்த்துணியை யானைக்காது மாதிரி தைத்து, மேல்துவாரத்தில் கட்டிவிட்டால், போகிற காற்றை மறித்து உள்ளே திருப்பிவிடும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

"காத்தப் பிடிக்குற துணி, பாய்" என்றார் கம்பளி. "ஏற்கெனவே உங்களுக்கு ரெண்டு பாய். மூணாவது வந்தா எங்க அட்டவணைப்படி அது கப்பல். கப்பலுக்கு மாலுமி பதினொரு பேர் இருக்கணும்."

"பதினொரு பேரு உள்ள வந்தா வெந்துடுவோமே சார்!"

கம்பளியின் முகம் முதல்தடவையாக மலர்ந்தது. "பாத்தீங்களா! 'பதினொரு பேர் தங்குவதால் வெப்பம் மிகுதி' — அதையே காரணமா எழுதிடுவோம். வலுவான மனு."

அப்படித்தான் நான்கையும் சேர்த்து ஒரே மனு எழுதப்பட்டது. முத்திரை விழுந்தது. கடைசியாகக் கம்பளி ஒரு விதியைப் படித்துக் காட்டினார்: கோப்பு மேசையில் இருக்கும் நாளெல்லாம், சந்தேகம் கேட்க வசதியாக, மனுதாரரோ குடும்பத்தில் ஒருவரோ காத்திருப்போர் கூடத்தில் அலுவலக நேரம் முழுவதும் இருக்க வேண்டும்.

மறுநாள், அவனுக்குத் தையல் வேலை இருந்ததால், மனைவி போய் உட்கார்ந்தாள்.

மாலையில் திரும்பியவள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு களை தெரிந்தது. "ஏங்க" என்றாள் மெதுவாக, "நாளைக்கும் நானே போறேன்."

ஆறாம் நாள் தையல்காரனும் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு போனான். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். வலை வியாபாரி தன் மாமனாரோடு. ரொட்டிக்கடைக்காரர், கைக்குழந்தையோடு. எல்லாரிடமும் ஏதோ ஒரு மனு. எவரும் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவர் துறை அதிகாரியின் மனைவி. அவரிடம் படகே கிடையாது. மனு இருந்தது. ஏசி அதிகாரிக்கு அலுவலகத்தில்தானே, வீட்டிலா?

தையல்காரன் பாயை விரித்தான். உறை தைக்க வாங்கிய நாற்பது அடிப் பழைய பாய். தைக்க இவ்வளவு இடம் அவனுக்கு ஆயுளில் கிடைத்ததில்லை. குளிருக்கு இதமாக ஒரு வரிசையே அதைத் தொடைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டது. மனைவி ஒரு முனையில் தைத்தாள், அவன் மறுமுனையில். நடுவில் இருந்தவர்கள் தூங்கினார்கள்.

பதினைந்தாம் நாள் அக்கா வந்து இறங்கினாள். படகில் ஆளில்லாததால் விசாரித்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கதவைத் தள்ளியதும் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"ஏன்டி, இது யாரு வீட்டு ஏசி?"

"அரசாங்கத்தோடதுக்கா. பகல் பூரா இங்கதான். ராத்திரி கடல்காத்து வருது, சமாளிச்சுடுவேன். டாக்டர்கூட போன வாரம் பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டாரு."

அக்கா தங்கையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான், நடக்கக்கூடாதது நடந்தது.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு துறை அதிகாரி வெளியே வந்தார். கையில் ஒரு தாள். 'இவ்வாண்டில் ஒரு மனுவையேனும் தீர்த்து வைக்கவும்' என்று மேலிடத்திலிருந்து அவருக்குக் காட்டமாகக் கடிதம் வந்திருந்தது. தையல்காரன் பக்கம் திரும்பிப் படித்தார்:

"மனுதாரரின் நீண்டகால இன்னலைக் கனிவுடன் பரிசீலித்து, அன்னாரின் படகறைக்குள் காற்று நுழைய இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது. காற்று தென்மேற்கிலிருந்து மட்டும், அலுவலக நேரத்தில் மட்டும் நுழையலாம். மனு முடித்து வைக்கப்பட்டது. மனுதாரர் இனி இங்கு வரத் தேவையில்லை."

ரொட்டிக்கடைக்காரர் குழந்தையை இறுக்கிக்கொண்டார். இன்று இவர்களுக்கு, நாளைக்கு யாருக்கோ? அதிகாரியின் மனைவி கணவரைப் பார்த்த பார்வையை அவர் வீட்டுக்குப் போய்த்தான் அனுபவிக்க வேண்டும். கம்பளியின் முகம் வெளுத்திருந்தது. மனு ஒன்று தீரும் என்பதை இருபத்தாறு வருடச் சேவையில் அவர் பார்த்ததில்லை.

"அப்ப இங்க வேல முடிஞ்சுது" என்றாள் அக்கா. "காத்து, கீத்துன்னு குடுத்த பேப்பர வச்சு என்னடி பண்றது? விசிறிக்கவா? பையை எடு. அஞ்சு மணிக்கு ரயில்."

தையல்காரன் ஊசியைக் கீழே வைத்தான். மனைவியின் காலடியில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை நீட்டினாள். "அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க சார்."

வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் படித்தாள். பாய் அளந்து பழகிய விரல். நடுவில் நின்றது.

"படகு நீளம் இருபத்திரண்டு அடின்னு போட்டிருக்கீங்க. எங்களது இருபத்தொண்ணு அடி, பத்து அங்குலம்."

"ரெண்டு அங்குலம்தானேம்மா" என்றார் அதிகாரி, கெஞ்சாத குறையாக.

கம்பளி எழுந்தேவிட்டார். சால்வை நழுவியதுகூடத் தெரியவில்லை. "அதெப்படிங்க ஐயா! இல்லாத படகுக்கு உத்தரவு போட்ட மாதிரி ஆயிடுமே! படகைக் கரையேத்தி, அளவுக் குழு வந்து, ரெண்டு பக்கமும் அளந்து, சராசரி எடுத்து... மூணு மாசம் ஆகும்." பிறகு அவள் பக்கம் திரும்பி, மிகுந்த வருத்தத்துடன், "உங்களுக்கு ரொம்பச் சிரமம்" என்றார்.

"பரவாயில்லீங்க" என்றாள் அவள். "சட்டம்னு ஒண்ணு இருக்கே."

கூடம் முழுவதும் காகிதம் சரசரத்தது. நாற்பது பேரும் தங்கள் மனுவை வெளியே எடுத்து, பிழை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பிழை கிடைக்காதவர்கள் பேனாவை இரவல் கேட்டார்கள். அதிகாரியின் மனைவி தன் பெயரிலேயே ஓர் எழுத்தை அடித்துவிட்டு நிம்மதியாகப் பின்னலுக்குத் திரும்பினார். நாட்டில் ஆவணங்களை மக்கள் இவ்வளவு கவனமாகப் படித்த நாள் அதற்குமுன் இருந்ததில்லை.

"மூணு மாசம்னா பிரசவம் தாண்டிடும்ல?" என்று தையல்காரன் மனைவியின் காதோரம் கேட்டான். அவள் தலையசைத்தாள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பாயின் ஓரத்தை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். சாய்ந்து பார்த்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஏசியில இந்தச் சில்லு கெடையாது" என்றாள் பிறகு, தையல்காரனிடம். "பில்லும் வருது. தம்பி, இந்த மனு ஃபாரம் எங்க குடுக்குறாங்க? எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க. மூணு மாசம்தானே, உங்க கூடவே தங்கிடறேன்."

தையல்காரனின் சிரிப்பு பாதியில் நின்றது. படகில் பலகை இரண்டுதான். அவன் மனைவியைப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மெழுகு தடவிய நூலைக் கடித்து, வெளிச்சத்தில் பிடித்து ஊசியில் கோத்து, விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தாள்.